சிகிச்சைக்காக மதுரைக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மதுரை. கண், இதயம், மூட்டு, குழந்தையின்மை என்று இலங்கையிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆட்கள் இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களும் லீவில் வந்து பல்லோ மூட்டோ பார்த்துக்கொண்டு திரும்புகிறார்கள். வருகிறவர்களும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இவை பொதுவான விவரங்கள். உங்கள் உடம்புக்கு எது சரி என்று உங்களைப் பரிசோதித்த டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் நோயாளிக்கு உள்ளூர் நோயாளியைவிட என்ன கூடுதல் ஆபத்து? ஆபரேஷன் ஒன்றுதானே?

ஆபரேஷன் ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும்தான் வேறுபாடு. மேலூர்க்காரர் ஒருவருக்குத் தையலில் சீழ் வைத்தால் மறுநாள் காலையில் பஸ் ஏறி வந்து காட்டிவிடுவார். யாழ்ப்பாணத்துக்கோ மலேசியாவின் ஈப்போவுக்கோ போய்விட்டவரால் அது முடியாது. அவரைப் பார்க்கப்போகும் டாக்டர், உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியாமல் ஒரு தாளை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கும். பழைய ரிப்போர்ட் வந்து சேராதது, மருந்து மாறிப்போவது, சீக்கிரம் விமானம் ஏறுவது, ஊரில் தொடர்ந்து பார்க்க டாக்டர் இல்லாதது என்று இந்த இடைவெளிகளில்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. நல்ல சர்ஜன் யார் என்று விசாரிக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இவற்றுக்குச் செலவிடுங்கள்.

மதுரையில் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையால் கண் சிகிச்சையில் இந்த ஊருக்கு உலகப் பெயர் உண்டு. அதற்காக மதுரையில் எல்லாச் சிகிச்சையும் எல்லா இடத்திலும் அதே தரத்தில் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு நோய்க்கும் தனியாக விசாரிக்க வேண்டும்.

முதலில் என்ஏபிஎச் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் ஆஸ்பத்திரித் தரத்துக்குச் சான்று தரும் அமைப்பு இது. இதிலேயே ஆரம்பநிலைச் சான்றும் உண்டு, முழு அங்கீகாரமும் உண்டு. வரவேற்பறையில் மாட்டியிருக்கும் சட்டத்தில் எது என்று வாசியுங்கள், தேதி காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள். அப்புறம் டாக்டர். அவருடைய பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடலாம். பதிவு எண்ணைப் பிரிஸ்கிரிப்ஷனில் அச்சிட வேண்டும் என்பது விதி. அது இல்லையென்றால் கேளுங்கள்.

அங்கீகாரம் சொல்லாத விஷயங்களும் உண்டு. அவற்றை நேரில்தான் கேட்க வேண்டும். இந்த ஆபரேஷனை இங்கே மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? எனக்குச் செய்யப்போவது நீங்களா, வேறு ஊரிலிருந்து வந்துபோகும் டாக்டரா? அவர் போன பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு மூச்சுத் திணறினால் வார்டில் யார் இருப்பார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பெரிய ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டாம். கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

ஏஜென்ட் மூலம் வரலாமா? விமான டிக்கெட், ரூம், டாக்டர் எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார்.

டிக்கெட்டும் ரூமும் அவர் பார்க்கட்டும். டாக்டரை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் இந்திய மருத்துவ ஒழுக்க விதிகளின்படி (2002) தவறு. நடைமுறையில் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. "அந்த ஆஸ்பத்திரி வேண்டாம், இங்கே வாங்க" என்று ஏஜென்ட் விமான நிலையத்திலிருந்தே வண்டியைத் திருப்பினால், இறங்கி வேறு ஆட்டோ பிடியுங்கள். பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று கேட்கிறவரிடம் அதை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

டூரிஸ்ட் விசாவில் வந்து ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

திட்டமிட்டு வரும் சிகிச்சைக்கு மெடிக்கல் விசா எடுத்துவிடுவதுதான் நல்லது. அதற்கு ஆஸ்பத்திரியின் கடிதம் வேண்டும். துணைக்கு வருகிறவர்களில் இரண்டு பேர்வரை மெடிக்கல் அட்டெண்டன்ட் விசா கிடைக்கும். இ-மெடிக்கல் விசா வந்து இறங்கிய நாளிலிருந்து 60 நாள் செல்லும், அதற்குள் மூன்று முறை உள்ளே வரலாம். மதுரை விமான நிலையத்திலேயே இ-விசாவில் இறங்கலாம். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் விசா தேவையில்லை. உறுப்பு மாற்று சிகிச்சைக்கு மெடிக்கல் விசா கட்டாயம்.

அத்தை கண்டியிலிருந்து வந்து எங்கள் வீட்டில்தான் தங்கப்போகிறார். போலீஸுக்குச் சொல்ல வேண்டுமா?

ஆம். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் ஓட்டல், லாட்ஜ், ஆஸ்பத்திரி மட்டுமில்லாமல் வீட்டுக்காரரும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். எல்லாரும் "சி ஃபார்ம்" என்று சொல்வது இதைத்தான். சொந்த அத்தைதானே என்று விட்டுவிட்டால், பிறகு விசாவை நீட்டிக்கப் போகும்போது அலைய வேண்டிவரும்.

வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

ஸ்கேன் என்றால் சிடி அல்லது பென் டிரைவில் முழுப் படங்கள். வாட்ஸ்அப்பில் எடுத்த போட்டோவை வைத்து எந்த டாக்டரும் ஆபரேஷனை முடிவு செய்ய மாட்டார். பயாப்ஸி செய்திருந்தால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும், முடிந்தால் பிளாக்கையும் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டி) அங்கேயே கேட்டு வாங்கி வாருங்கள். இங்கே திரும்ப ஊசி குத்தாமல் மறுபடி பார்க்க அது உதவும்.

மருந்துகளை அட்டையோடு கொண்டுவாருங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் மாறாது. அதனால் மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் ஊர் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டிரமடால், மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் இங்கே போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அவற்றைப் பிரிஸ்கிரிப்ஷன் இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனை எண்களிலும் கவனம் வேண்டும். மலேசியாவில் சர்க்கரையை மில்லிமோலில் எழுதுவார்கள், இங்கே மில்லிகிராமில். அங்கே 7.8 என்றால் இங்கே 140. சர்க்கரைக்கு 18-ஆல் பெருக்கினால் போதும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அங்கே 88 என்று இருந்தால் இங்கே அது 1. இந்தக் கணக்கு தெரியாமல் வீட்டில் அழுதுகொண்டிருந்த குடும்பங்கள் உண்டு.

அப்புறம் பெயர். இன்ஷியல் முன்னால் ஒரு காகிதத்தில், அப்பா பெயர் முழுசாக இன்னொன்றில், பாஸ்போர்ட்டில் வேறு வரிசை என்று நம் ஆட்களுக்கு மூன்று பெயர் இருக்கும். ஒரே வார்டில் இரண்டு எஸ். லட்சுமி இருப்பது மதுரையில் அதிசயமே இல்லை. முதல் நாளே பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்தில் பதியச் சொல்லுங்கள். ஊசி போட வருகிறவர், ரத்தம் ஏற்ற வருகிறவர், தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர் என்று ஒவ்வொருவரும் பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் சரிபார்க்கிறார்களா என்று பாருங்கள். "நீங்கதானே லட்சுமியம்மா?" என்று கேட்டால் தலையாட்டாமல், முழுப் பெயரை நீங்களே சொல்லுங்கள்.

அப்பா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இங்கே வந்து தீர்ந்துபோனால் கடையில் வாங்கலாம்தானே?

வாங்கலாம். ஆனால் இந்தப் பதிலை இரண்டு முறை வாசியுங்கள். இந்தியாவில் பாட்டிலில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் யூ-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். மலேசியா, வளைகுடா, ஐரோப்பா எங்கும் யூ-100, ஒரு மில்லியில் 100 யூனிட். பேனாவில் போடுவது இங்கேயும் யூ-100தான். யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யூ-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? அங்கிருந்து கொண்டுவந்த யூ-100 மருந்தை இங்கே வாங்கிய சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி ஆளே போய்விடலாம். தலைகீழாக மாறினால் மருந்து பாதிகூடப் போகாது, சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், ஆபரேஷன் தள்ளிப்போகும். ஊரிலிருந்தே தங்கும் நாளுக்கும் மேலே இரண்டு வாரத்துக்கான மருந்தும் அதற்கேற்ற சிரிஞ்சும் கொண்டுவந்துவிடுங்கள். பேனாவாக இருந்தால் இன்னும் நல்லது. விமானத்தில் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போட்டால் உறைந்துபோகலாம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

விருந்தோம்பலில். சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கறிதோசையும் பரோட்டா சால்னாவும் வாங்கித் தருவது நம்மூர்ப் பாசம். மயக்க மருந்து கொடுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே திட உணவை நிறுத்த வேண்டும், எண்ணெயும் கறியும் என்றால் எட்டு மணி நேரம். தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பது பொதுவான விதி. உங்கள் மயக்க டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். "ஒரு வாய் காப்பிதான் குடித்தேன்" என்றாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ரத்தத்தை இளக வைக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வந்தவுடனேயே அதைச் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம்.

சித்த மருந்தும் சேர்த்துச் சாப்பிடுகிறார். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறவர்கள்தான் அதிகம். பஸ்பம், செந்தூரம் வகைகளில் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் சேர்வதுண்டு, சரியாகச் செய்யாதவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில மூலிகைகள் ரத்தம் உறைவதை மாற்றும். பதிவு பெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் அந்தச் சீட்டையே காட்டுங்கள். பெயரில்லாத பொட்டலமாக இருந்தால் பொட்டலத்தோடு காட்டுங்கள்.

அம்மாவுக்கு விழித்திரை ஆபரேஷன். கண்ணுக்குள் காற்று நிரப்பியிருக்கிறார்களாம். அடுத்த வாரம் கொழும்புக்கு டிக்கெட் இருக்கிறது. ஒரு மணி நேரப் பயணம்தானே?

ஏறாதீர்கள். டிக்கெட் பணம் போனாலும் போகட்டும்.

விழித்திரை பிரிந்தவர்களுக்கு அதை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைப்பார்கள். விமானம் மேலே போகும்போது உள்ளே காற்றழுத்தம் குறையும். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். கண் மூடிய உருண்டை, விரிய அங்கே இடமில்லை. கண்ணழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்று பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். இதற்குப் பயண நேரம் கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. கொழும்புக்குப் போனாலும் ஆபத்துதான், லண்டனுக்குப் போனாலும் ஆபத்துதான். எந்த வாயு வைத்தார்கள் என்பதைப் பொறுத்து, அது கரைய இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம்வரை ஆகும். கரைந்துவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொன்று. "இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், கொடைக்கானலையும் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று அழைத்துப் போகாதீர்கள். கொடைக்கானல் சுமார் ஏழாயிரம் அடி. மலை ஏறினாலும் அதே காற்று அதே மாதிரித்தான் விரியும். மூணாறும் அப்படியே. கண்ணில் காற்று வைத்திருக்கும் நோயாளியின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டிவிடும் எச்சரிக்கைப் பட்டையைக் காற்று கரையும்வரை கழற்றக் கூடாது. அந்த நேரத்தில் வேறு ஏதாவது அவசர ஆபரேஷன் வந்தால், நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற மயக்க வாயு கொடுத்தால் அதுவும் குமிழியை விரிய வைக்கும். மயக்க டாக்டருக்கு அந்தப் பட்டைதான் எச்சரிக்கை.

ஆபரேஷனுக்கு முன்பே "நான் விமானத்தில்தான் திரும்ப வேண்டும்" என்று சொல்லிவிட்டால், சிலருக்கு வாயுவுக்குப் பதிலாக சிலிக்கான் எண்ணெய் வைக்க முடியும். எண்ணெய் விரியாது, விமானத்தில் போகலாம். ஆனால் பிறகு அதை எடுக்கத் திரும்ப வர வேண்டும். எல்லாருக்கும் இது பொருந்தாது, டாக்டர்தான் பார்த்துச் சொல்வார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் கடல்மட்டத்தில் போவதால் அதில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் வானிலை பார்த்துக் கப்பலை நிறுத்துவார்கள், கடலில் ஆட்டமும் இருக்கும். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு யோசிக்கலாம்.

மற்ற ஆபரேஷன்களுக்குப் பிறகு எத்தனை நாளில் விமானம் ஏறலாம்?

எல்லாம் நல்லபடியாக ஆறினால் என்ற கணக்கில் பொதுவாகச் சொல்வது இது: சாதாரணக் கண்புரைக்கு ஒரு நாள். துளைபோட்டுச் செய்யும் சிறிய ஆபரேஷனுக்கு ஒன்று இரண்டு நாள், சாதாரண வயிற்று ஆபரேஷனுக்கு நான்கைந்து நாள். பெரிய வயிற்று ஆபரேஷன், நெஞ்சு ஆபரேஷன், பைபாஸ் என்றால் குறைந்தது பத்து நாள். மாவுக்கட்டு போட்டிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு 24 மணி நேரம், அதற்கு மேல் போனால் 48 மணி நேரம்.

இவை ஆகக் குறைந்த நாட்கள். என் கருத்தைக் கேட்டால் வெளிநாட்டுக்காரர் இதோடு ஒரு வாரமாவது சேர்த்துத் தங்க வேண்டும். தையல் பிரித்து, முதல் செக்கப் முடிந்து, சாப்பாடும் மலச்சிக்கலும் ஒழுங்குக்கு வந்த பிறகு கிளம்பினால் ஊரில் தவிக்க வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். தேதி முடிவான டிக்கெட் கையில் இருந்தால் நோயாளி வலியை மறைக்கிறார், குடும்பம் டிஸ்சார்ஜுக்கு அவசரப்படுத்துகிறது.

ரத்தக்கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து பல வாரம் இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போகும் பயணம் அதைக் கூட்டும். கோலாலம்பூர், துபாய் எல்லாம் இந்தக் கணக்கில் வரும், மதுரையிலிருந்து சென்னைக்குக் காரில் போவதும்தான். ஊசியோ மாத்திரையோ எத்தனை நாளைக்கு என்று எழுதி வாங்குங்கள். ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ அது "வாயு பிடிப்பு" என்று பூண்டு தட்டிக் கொடுக்கும் விஷயமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் (அரசு ராஜாஜி மருத்துவமனை) இரவு பகல் அவசரப் பிரிவு உண்டு.

மதுரையில் கிட்னி ஏற்பாடு செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார்.

அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011-ல் வந்த திருத்தமும் இதில் தெளிவாக இருக்கின்றன. வெளிநாட்டவருக்கு இந்தியர் உறுப்பு கொடுக்க வேண்டுமானால் இருவரும் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். அத்தோடு முடிந்தது. சித்தப்பா மகனோ மாமாவோ இதில் வர மாட்டார்கள். உறுப்பை விலைக்கு வாங்குகிறவர், விற்கிறவர், இடையில் நிற்பவர் எல்லாருக்கும் ஐந்திலிருந்து பத்து ஆண்டு சிறையும், 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய்வரை அபராதமும் உண்டு.

போலி உறவுச் சான்றிதழ் செய்து தருகிறேன் என்பார்கள். அதில் மாட்டுவது நோயாளிதான். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், கடனுக்காகக் கிட்னியைக் கொடுத்த ஏழையை ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் உடம்பும் ஒரு நோயாளியின் உடம்புதான்.

உங்கள் நாட்டிலிருந்து நெருங்கிய உறவே கொடையாளராக வருகிறார் என்றால் வழி உண்டு. உறவை உங்கள் நாட்டுத் தூதரகத்தின் மூத்த அதிகாரி சான்று செய்ய வேண்டும், அங்கீகாரக் குழு நேரில் விசாரித்து அனுமதி தர வேண்டும். நாளாகும், அதற்கேற்பப் பணமும் விசாவும் இருக்கட்டும். இறந்தவர்களின் உறுப்பைப் பொறுத்தவரை இந்தியர்களுக்குத்தான் முன்னுரிமை, வெளிநாட்டவரின் முறை கடைசியில்தான் வரும்.

கிட்னி மாற்றியவர், உடம்பு புதுக் கிட்னியை ஒதுக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், ரத்தத்தில் அதன் அளவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்த மருந்து தடையில்லாமல் கிடைக்குமா, அந்தப் பரிசோதனை எங்கே செய்வார்கள், எந்தச் சிறுநீரக டாக்டர் உங்களை ஏற்றுக்கொள்வார் என்று முடிவாகாமல் மதுரைக்குக் கிளம்பவே வேண்டாம். கொடையாளருக்கும் ஆண்டுதோறும் செக்கப் வேண்டும்.

வாடகைத் தாய்?

2021 சட்டப்படி காசுக்கு வாடகைத் தாய் முறை இந்தியாவில் குற்றம். வெளிநாட்டவருக்குப் பொதுவாக இங்கே இடமில்லை.

துபாயிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறேன். பல் இம்ப்ளான்ட் முடித்துவிடலாமா?

பல் ஸ்க்ரூ தாடை எலும்போடு ஒட்டப் பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். ஒரே மாதத்தில் எல்லாருக்கும் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் சந்தேகப்படுங்கள். இந்த லீவில் ஸ்க்ரூ, அடுத்த லீவில் பல் என்று பிரித்துக்கொள்வதுதான் நல்லது. லீவின் முதல் வாரத்திலேயே போங்கள். கடைசி வாரத்தில் கல்யாணத்துக்கும் ஷாப்பிங்குக்கும் நடுவில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள்தான் அங்கே போய் முகம் வீங்கி நிற்கிறார்கள்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டுமா?

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டித் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது, லாட்ஜ் கிடைக்காது, வெயிலும் உச்சத்தில் இருக்கும். ஆபரேஷன் முடிந்து லாட்ஜில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதே பாடு. திருவிழா பார்க்க ஆசை இருந்தால் உடம்பு தேறிய பிறகு அதற்கென்றே வாருங்கள்.

பேக்கேஜ் தொகை சொல்லியிருக்கிறார்கள். டிராவல் இன்சூரன்ஸும் இருக்கிறது. போதுமா?

டிராவல் இன்சூரன்ஸ் பொதுவாகத் திட்டமிட்ட சிகிச்சைக்குச் செல்லாது, அதனால் வரும் சிக்கலுக்கும் செல்லாது. பாலிசியை வாசியுங்கள். பேக்கேஜில் ஐசியூ எத்தனை நாள், ரத்தம், இம்ப்ளான்ட், மறு ஆபரேஷன் எல்லாம் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். இதய ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டு இம்ப்ளான்டுக்கும் 2017-லிருந்து இந்திய அரசின் உச்சவிலை இருக்கிறது. பில்லில் அதைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். சொன்ன தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது கையில் இல்லாமல் பெரிய ஆபரேஷனுக்கு வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். பணம் தீர்ந்து, பாதி ஆறிய உடம்போடு கிளம்புவதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் சிடி, மூலப்பெயரோடு மருந்துப் பட்டியல். உடம்புக்குள் எதை வைத்திருந்தாலும், அது கண் லென்ஸோ ஸ்டென்டோ மூட்டோ பேஸ்மேக்கரோ, அதன் பெட்டியில் வரும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, மாடல், லாட் எண் அதில் இருக்கும். 2010-ல் ஒரு வகை இடுப்பு மூட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றபோது, இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்ட பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா கூடாதா என்பதும் அந்த ஸ்டிக்கரை வைத்துத்தான் தெரியும்.

பிறகு எப்போது கேட்டாலும், 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே விதி. மூன்று ஆண்டு அவற்றை வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் கடல் தாண்டிப் போய்க் கேட்பதைவிடக் கையோடு வாங்கிப்போவதே மேல்.

மதுரையிலிருந்து துருக்கி, தாய்லாந்துக்கு முடி நடவும் கொழுப்பு எடுக்கவும் போகிறார்கள். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

எல்லாம் பொருந்தும். அழகுக்கான ஆபரேஷன் என்பதால் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். 2023-ல் மெக்சிகோவின் மாட்டமோரோஸ் நகரில் இப்படிப்பட்ட ஆபரேஷனுக்காக முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கர்களுக்கு மூளை உறையில் பூஞ்சைத் தொற்று வந்து பலர் இறந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு தலைவலியாகத்தான் அது தொடங்கியது.

தவறு நடந்துவிட்டால் வெளிநாட்டுக்காரர் இங்கே புகார் செய்ய முடியுமா?

முடியும். காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்ய வேண்டும், ஆன்லைனிலும் செய்யலாம். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், வேறு நாட்டிலிருந்து நடத்துவது கஷ்டம். அதனால்தான் ஒவ்வொன்றையும் எழுத்தில் வாங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேட்க மனம் வரவில்லை. இங்கேயே இறந்துவிட்டால்?

உடலைக் கொண்டுபோக இறப்புச் சான்று, பதப்படுத்தியதற்கான சான்று, போலீஸின் தடையில்லாச் சான்று, உங்கள் தூதரகத்தின் அனுமதி எல்லாம் வேண்டும். இலங்கைக்குச் சென்னையில் துணைத் தூதரகமும் மலேசியாவுக்குத் துணைத் தூதரக அலுவலகமும் உள்ளன. அந்த எண்களை வரும்போதே துணைக்கு வருகிறவர் போனில் பதிந்துவைக்கட்டும். முற்றிய நோயோடு வருகிறவர்கள், எதுவரை சிகிச்சை, எப்போது ஊருக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடிவுசெய்துவிடுவது நல்லது.

ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால்?

முதல் வாக்கியமாக "நான் இந்தியாவில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு காரணம். ஒன்று, இலங்கை 2016-ல் மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது, அங்கே இருக்கும் இளம் டாக்டர்களுக்குக் காய்ச்சல் என்றதும் மலேரியா நினைவுக்கு வராமல் போகலாம். இந்தியாவில் அது இன்னும் இருக்கிறது. இரண்டு, இங்குள்ள ஆஸ்பத்திரிகளில் வலுவான ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமிகள் உண்டு. என்டிஎம்-1 என்ற எதிர்ப்புத்தன்மையை முதலில் அடையாளம் கண்டது 2008-ல், இந்தியாவில் சிகிச்சை பெற்று சுவீடனுக்குத் திரும்பிய ஒரு நோயாளியிடம்தான். இது தெரிந்தால் டாக்டர் முதலில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுப்பார், சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பார், பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பரவாமல் உங்களைத் தனியாகவும் வைப்பார். தையலில் சிவப்பு, சீழ், கெட்ட வாடை இருந்தாலும் இதையேதான் சொல்ல வேண்டும். மதுரையில் மீதியிருந்த ஆன்டிபயாட்டிக்கைக் காய்ச்சலுக்கு நீங்களாக விழுங்காதீர்கள், கல்ச்சரில் கிருமி தெரியாமல் போய்விடும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.